மூன்றாம் தடவை கேட்கும் வரை

கிட்டே வாருங்கள் என் கண்களே, அந்த ஜன்னலோரம் குளிரும், இப்படி நகர்ந்து உட்காருங்கள். பெரிய கதை ஒன்றுமில்லை, ராஜா இல்லை, கொலை இல்லை, மினசோட்டாவின் மேற்குக் கோடியில் ஒரு பண்ணை வீடு, அதில் ஒரு பழைய ஆர்கன், வேண்டும் என்பதைக்கூட வேண்டாம் என்றே சொல்லத் தெரிந்த ஒருத்தி, அவளுடைய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவ்வளவுதான். கேட்டு முடித்தால் நல்ல வார்த்தை ஒன்று சொல்லி அனுப்புகிறேன்.

...இன்னும் ஒரு தடவை கேட்பான், கேட்காமல் எங்கே போகப்போகிறான், இரண்டு தடவை கேட்டாயிற்று, மூன்றாவதைத்தான் இன்றைக்கென்று வைத்திருக்கிறான், என்று நினைத்துக்கொண்டே தோரா காரை விட்டு இறங்கினாள், பனி இன்னும் பிடிக்கவில்லை, தரை இறுகிக் கிடந்தது, அண்ணன் ஈனரின் நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போயிற்று. ஜூலையில் ஒரு தடவை கேட்டான், தொலைபேசியில், நாங்க டவுனுக்குக் குடி போறோம், அபார்ட்மெண்ட்ல இடம் பத்தாது, ஆர்கனை நீ எடுத்துக்கிறியா என்று. சே சே, எனக்கு எதுக்கு, இடம் ஏது, என்றாள். அக்டோபரில் உருளைக்கிழங்கு மூட்டையைக் காரில் தூக்கி வைத்துக்கொண்டே இன்னொரு தடவை கேட்டான், நிஜமாவே வேண்டாமா தோரா? வேண்டாம் வேண்டாம், சின்னவங்க யாருக்காவது போகட்டும், என்றாள். சரியாகத்தான் சொன்னாள், அப்படித்தானே சொல்ல வேண்டும், முதல் தடவை கேட்பது மரியாதை, இரண்டாவது தடவை கேட்பது அந்த மரியாதைக்கு மரியாதை, மூன்றாவது தடவை கேட்டால்தான் கேட்கிறவருக்கு நிஜமாகவே கொடுக்க மனம் இருக்கிறது என்று அர்த்தம், அது தெரியாதவர்கள் இந்த ஊரில் உண்டா, பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், பிஸ்கட் தட்டை நீட்டினால் இரண்டு தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போய், மூர்ஹெட்டில் இருக்கும் தன் சின்ன வீட்டுக்கு, சோபாவை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள், புத்தக அலமாரியைத் தேவாலயத்து விற்பனைக்குக் கொடுத்தாள், வெறுமையான சுவரில் ஆணிகளைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, யாராவது வர்றாங்களா தோரா, என்றதற்கு, யாருமில்ல, சும்மா பெருக்குறேன், என்றாள். மூன்றாவது தடவை கேட்கும்போது சொல்ல வேண்டியதையும் யோசித்து வைத்திருந்தாள், உங்களுக்கு வேற வழியே இல்லேன்னா, ஒரு மூலையில கிடந்துட்டுப் போகட்டும்... காரில் வரும்போது அதைச் சத்தமாகச் சொல்லியும் பார்த்தாள், கொஞ்சம் அலுப்பாகச் சொல்ல வேண்டும், சந்தோஷம் தெரிந்துவிடக் கூடாது.

வாசல் அறையில் டவுனுக்குப் போகும் சாமான்கள் குவிந்திருந்தன, போர்வை மூட்டை, மாவு டப்பாக்கள், நிற்கும் விளக்கு, எல்லாவற்றிலும் ஈனரின் கையெழுத்தில் ஒட்டிய தாள், நடுவில் ஆர்கன் ஸ்டூல், வட்டமானது, திருகினால் உயரும் தாழும், அதன் மேலும் அபார்ட்மெண்ட் என்று எழுதி ஒட்டியிருந்தது, தவறி ஒட்டிவிட்டான் போலிருக்கிறது, வயதாகிறது, எழுபத்தாறு, என்று நினைத்துவிட்டு அவள் பூட்ஸைக் கழற்றினாள். சமையலறையில் அண்ணன் மனைவி மார்லிஸ் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு பன்றித்தொடை வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள், திரும்பாமலே, காபி வேணுமா, என்றாள். வேணும், என்று தோரா உடனே சொன்னாள். மார்லிஸ் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள், கிழக்கே ஜெர்மன்காரர்கள் ஊரிலிருந்து வந்தவள், அங்கே எல்லாரும் வேண்டுமென்றால் வேண்டும் வேண்டாமென்றால் வேண்டாம் என்கிற ஜாதி, கல்யாணமாகி வந்த முதல் வருஷம் முழுக்கத் தோரா இந்த வீட்டில் காபி இல்லாமல் திரும்பிப் போனாள், இவ ஏன் எதுவுமே குடிக்க மாட்டேங்கிறா, வயித்துல ஏதாவது கோளாறா, என்று மார்லிஸ் நிஜமான கவலையோடு ஈனரிடம் கேட்டாளாம். இப்போது காபிக்குப் பழகிவிட்டது. ஆனால் காபி காபிதான், ஆர்கன் வேறு இல்லையா, அதை முதல் வார்த்தையிலேயே ஆமாம் என்று வாங்கிக்கொள்ள மனிதருக்கு வெட்கம் வேண்டாமா... மார்லிஸ் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள், சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கிர்ஸ்டன் வந்துருவா, டிரெய்லரோட வர்றா, ஆர்கனை ஏத்திக்கிட்டுப் போக. தோரா கோப்பையைப் பிடித்தாள், சூடு கையில் ஏறியது. எந்த கிர்ஸ்டன்? என் தங்கச்சி பொண்ணுதான், செயின்ட் பால்ல காபிக் கடை வச்சிருக்காளே அவ, போன வாரம் சும்மா சொன்னேன், உனக்கு வேணுமாடின்னு, ஆமா பெரியம்மா தாங்கன்னு குதிச்சா. குதித்தாளாம். முதல் தடவையிலேயே. தோரா, நல்லது, என்றாள், நல்லதுதான், உபயோகமா இருக்கும், என்றும் சேர்த்துக்கொண்டாள். மேலே பூந்தொட்டி வைக்கப் போறாளாம், என்றாள் மார்லிஸ். பூந்தொட்டி அழகா இருக்கும், என்றாள் தோரா. சாப்பாடு முடிவதற்குள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, அண்ணனுக்குத் தெரியும், கேட்பான்.

கூடத்துக்குப் போனாள், ஆர்கன் வடக்குச் சுவரில் நின்றது, எலுமிச்சை எண்ணெய் வாசனை, இன்று காலையில்தான் யாரோ துடைத்திருக்கிறார்கள், வால்நட் மரம் தேன் நிறத்தில் மினுங்கியது. கொள்ளுத்தாத்தா பட்டியல் பார்த்து வரவழைத்தது, ரயிலில் வந்து அங்கிருந்து பனிச்சறுக்கு வண்டியில் வயல் வழியாக வந்தது, காலால் இரண்டு பலகையை மாற்றி மாற்றி மிதித்தால் உள்ளே துருத்தி காற்றை இழுக்கும், காற்றுப் போகிற வழியில் பித்தளை நாக்குகள் அதிரும், நாடகக்காரர்கள் கால் ஆர்மோனியம் என்பார்களே, அதன் பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வாசித்தாள், ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு முன் ஜெபப் பாட்டு, அதில் மூன்றாவது வரியில் ஒரு சுரம் மட்டும் வராது, கட்டையை அழுத்தினால் டொக் என்று மரச்சத்தம் மட்டும், தோராவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வராது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை, அந்தச் சுரம் வரும் இடத்தில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு மூச்சு நிற்பார்கள், பிறகு தொடர்வார்கள், பாட்டே அப்படித்தான் என்று அவளும் ஈனரும் நினைத்திருந்தார்கள். தேவாலயத்து விருந்தில் ஊரே சேர்ந்து அதே பாட்டைப் பாடும்போது இவர்கள் வரிசை மட்டும் அந்த இடத்தில் நின்றுவிடும், ஊர் முந்திக்கொண்டு போகும், பாதிரியார் மனைவி திரும்பிப் பார்ப்பாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது துருத்தி கிழிந்தது, ஆர்கனை ஷெட்டுக்குத் தூக்கிப்போய்த் தார்ப்பாய் போட்டார்கள், எலி குடியேறியது, ஆனாலும் வீட்டில் பாட்டு நிற்கவில்லை, அந்த நிறுத்தமும் நிற்கவில்லை, ஆர்கனே இல்லாமல் ஐம்பது வருஷம் அதே இடத்தில் மூச்சு நின்றது. போன குளிர்காலத்தில்தான் ஈனருக்கு என்ன தோன்றியதோ, யாரிடமும் சொல்லாமல் ஆர்கனைப் பழுது பார்க்கிற விண்டெலிடம் கொண்டுபோய்ப் போட்டான், புதுத் துருத்தித் துணி, கட்டைகளுக்கு அடியில் புதுக் கம்பளி ஃபெல்ட், ஒவ்வொரு நாக்கையும் கழற்றித் துடைத்து... அந்தச் சுரத்துக்கு என்ன ஆயிருந்தது என்று கேட்டதற்கு விண்டெல் சிரித்தாராம், ஒண்ணும் ஆகலைங்க, நாக்குக்கு அடியில கிறிஸ்துமஸ் மரத்து இலை ஒண்ணு, ஊசி இலை, மாட்டிக்கிட்டு இருந்தது, சுண்டி விட்டேன், அவ்வளவுதான். ஓர் ஊசியிலை. அதற்கு இத்தனை வருஷ மௌனம். யாராவது ஒருவர் பின்பலகையைத் திறந்து பார்த்திருக்கலாம், ஆனால் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வராத சுரத்தை வரவில்லை என்று சொல்ல வேண்டுமே...

வந்துட்டியா, என்றான் ஈனர், பின்னால் நின்றிருந்தான், நல்ல சட்டை போட்டிருந்தான், முடியை நனைத்து வாரியிருந்தான். வந்துட்டேன். ரோடு எப்படி? பரவால்ல. மழையா பனியான்னு முடிவு பண்ண முடியாம நிக்குது வானம். ஆமா. இவ்வளவு பேசியதே அதிகம், அடுத்ததாகக் கேட்பான் என்று அவள் ஆர்கன் மூடியையே பார்த்தாள், அவனும் மூடியையே பார்த்தான். வாசிக்கிறியா, சாப்பாட்டுக்கு, என்றான். நானா, விரல் மறந்து போச்சு. வாசியேன். நல்லா வராது, நீ வாசி. எனக்குக் கை நடுங்குது, வாசி தோரா. சரி, என்றாள். பார்த்தாயா, மூன்று தடவை, மறக்கவில்லை இவன்... சமையலறை நாற்காலி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து போட்டான், ஸ்டூல் இருக்கே என்று அவள் சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டாள், கட்டி வைத்ததை ஏன் கலைக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தது, முழங்கை மேலே ஏறியது, மிதித்தாள், ஆர்கன் மூச்சு விட்டது, புதுத் துருத்தி, காற்று ஒழுகவில்லை, முன்பெல்லாம் அம்மா வேர்க்க வேர்க்க மிதிப்பாள். மார்லிஸ் ஏப்ரனோடு கதவில் வந்து நின்றாள், மூவரும் பாடினார்கள், மூன்றாவது வரி வந்தது, விரல் அந்தக் கட்டையில் போய் அழுந்திற்று, வாய்கள் மூன்றும் மூடிக்கொண்டன, பழக்கம், வெளியூர்க்காரி மார்லிஸுக்கும் நாற்பத்தெட்டு வருஷப் பழக்கம், அந்த மௌனத்துக்குள் சுரம் மட்டும் தனியாக ஒலித்தது. கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். கூப்பிடாத இடத்துக்கு வந்துவிட்ட விருந்தாளி மாதிரி. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பாட்டு முடிந்தது, ஆமென், வாங்க ஆறிப் போயிடும், என்றாள் மார்லிஸ்.

சாப்பாட்டு மேசையில் ஈனர், இன்னொரு துண்டு எடுத்துக்க, என்றான், இறைச்சித் தட்டை நீட்டி. போதும் போதும். ஒண்ணே ஒண்ணு. அய்யோ, வயித்துல இடமில்ல. இந்த ஓரத்துத் துண்டு, உனக்குப் பிடிக்குமே. சரி, சின்னதா, என்று வாங்கிக்கொண்டாள், நிஜமாகவே வயிற்றில் இடமில்லை, ஆனால் மூன்று தடவை கேட்டுவிட்டானே. கிழங்குக்கும் மூன்று தடவை, ஊறுகாய்க்கும் மூன்று தடவை. எண்ணாமல் இருக்க முடியவில்லை அவளால். ஊறுகாய்க்கு மூன்று தடவை கேட்கத் தெரிந்தவன் ஆர்கனுக்கு இரண்டோடு நிறுத்தியிருக்கிறான் என்றால் அது மறதி இல்லை, நிறுத்தித்தான் இருக்கிறான், தெரிந்து நிறுத்தியிருக்கிறான்... அப்படி நிறுத்துவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அப்பா இறந்த வருஷம், இதே மேசை, அம்மா அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், என்கூட மூர்ஹெட்டுக்கு வந்துடேன்மா, என்றாள் தோரா, எனக்கு எதுக்கு, கோழியெல்லாம் யாரு பாக்குறது, என்றாள் அம்மா. மறுநாள் காலை, அதே பாத்திரத் தொட்டியடியில், இன்னொரு தடவை, வாயேன்மா. வேண்டாம் வேண்டாம், உனக்கு எதுக்குத் தொந்தரவு. அதன் பிறகு அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள், திரும்பவில்லை, குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மூச்சு, பாட்டில் நிற்பார்களே அந்த அளவு... தோரா கார் சாவியைத் தேடினாள். கிடைத்தது. போய்ட்டு வரேம்மா, என்றாள். அவளுக்கு அப்போது தனி வாழ்க்கை ஒன்று, புதுச் சுவர்க் காகிதம் ஒட்டியிருந்தாள், சனிக்கிழமைகளில் மத்தியானம் வரை தூங்குவாள், ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கோழிகளோடு இருந்தாள், ஒரு குறையும் சொல்லவில்லை. இப்போது ஈனர் ஊறுகாய்ப் புட்டியை மூடிக்கொண்டிருந்தான், திருகிக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கினான், இவனுக்குத் தெரியுமோ, அம்மா இவனிடம் சொல்லியிருப்பாளோ, சொல்ல மாட்டாள், நம் வீட்டில் யார் எதைச் சொன்னார்கள்... ஆனால் எண்ணிக்கை தெரிந்திருக்குமே, இந்த வீட்டில் எல்லாரும் எண்ணிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

தட்டுகளைக் கழுவும்போது மார்லிஸ் சொன்னாள், நீ எடுத்துக்குவேன்னு நெனைச்சேன், வேண்டாம்னுட்டியாமே. இடமில்லயே, என்றாள் தோரா, ஒரு தட்டை இரண்டு தடவை துடைத்தாள். நான் அவரையும் கேட்டேன், என்றாள் மார்லிஸ், இவ்வளவு ஆசையா சரி பண்ணி வச்சிருக்கீங்க, பெட்ரூம் சுவர்ல நிக்கும், கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம், எடுத்துட்டுப் போலாமான்னு. என்ன சொன்னான்? வேண்டாம், இடம் ஏதுன்னாரு. எத்தனை தடவை கேட்ட? மார்லிஸ் சோப்புக் கையோடு திரும்பிப் பார்த்தாள், எத்தனை தடவையா? ஒரு தடவைதான், அவரு என்ன செவிடா? வேண்டாம்னா வேண்டாம்தானே தோரா, இதுல என்ன இருக்கு. சிரித்தாள், உங்க ஊர்க்காரங்க ஒரு கப் காபி குடிக்கிறதுக்குள்ள என் ஆயுசு போயிடும், என்று சொல்லிக்கொண்டே தண்ணீரைத் திறந்தாள். தோரா தட்டை வைத்தாள். ஒரு தடவை. ஜூன் மாதமாக இருக்கும். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்திருக்கிறான், ஜூலை வந்தது, கேட்கவில்லை, அதற்கப்புறம்தான் எனக்குத் தொலைபேசி... என்னிடம் எதற்குக் கேட்டான், நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியாதா, சே சே எனக்கு எதுக்கு, அப்போ நீயே வச்சுக்கயேன் ஈனர், என்று யாராவது ஒருத்தி சொல்வாள் என்று எதிர்பார்த்தா. அந்த ஸ்டூல். ஆர்கன் இல்லாத வீட்டில் எதன் முன்னால் போட்டு உட்காரப்போகிறான் அந்த ஸ்டூலை. வெளியே நாய் குரைத்தது, சக்கரம் சரளையில் அரைபட்டது, வந்துட்டா, என்றாள் மார்லிஸ், கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள், பின்னாடி வா, இன்னும் பின்னாடி, வேலியைப் பாத்து, என்று அவள் கத்துவது கேட்டது.

கூடத்தில் ஈனர் கோட்டு போட்டுக்கொண்டு நின்றான், தூக்க வேண்டுமே, தொப்பிகூட வைத்திருந்தான், ஆனால் தூக்குகிறவன் மாதிரி நிற்கவில்லை, நின்ற வாக்கில் ஒரு காலால் மிதித்து ஒரு விரலால் அந்த ஒரே கட்டையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான், வந்தது, விட்டான், அழுத்தினான், வந்தது. விண்டெல் நல்லா பண்ணியிருக்காரு, என்றான். ஆமா, என்றாள். டிரெய்லர்ல தார்ப்பாய் இருக்கான்னு பாக்கணும், ஈரம் பட்டா ஃபெல்ட் உப்பிடும். ஆமா. இப்போது கேட்டுவிட்டான் என்றால் என்ன செய்வது என்று தோராவுக்குத் திடீரென்று பயமாக இருந்தது, காலையிலிருந்து எதற்காகக் காத்திருந்தாளோ அது வந்துவிடக் கூடாதே என்று, சோபாவை நகர்த்தியாயிற்று, ஆணியைப் பிடுங்கியாயிற்று, கேட்டால் அவள் வாய் சரி என்று சொல்லிவிடும், பழகி வைத்த வார்த்தை தானாக வந்து விழும். நீயே வச்சுக்கயேன் ஈனர், என்றாள். அவன் திரும்பவில்லை. சே சே, எனக்கு எதுக்கு, இடம் ஏது. அவளுடைய வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம், இளம்பெண் சிரிப்பு, எவ்வளவு குளிர் பெரியம்மா இங்க. பெட்ரூம் சுவர்ல நிக்குமாம், கட்டிலைத் தள்ளிப் போட்டா, மார்லிஸ் சொன்னா, என்றாள் தோரா. வேண்டாம் வேண்டாம், என்றான், சின்னவங்களுக்குப் போகட்டும், ஆனால் விரலைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை, மிதிப்பதை மட்டும் நிறுத்தினான். துருத்திக்குள் இன்னும் இழுவை இருந்தது, சுரம் நிற்கவில்லை, மெல்ல இளைத்துக்கொண்டே ஒலித்தது, அவன் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அப்படிச் சாய்த்துக்கொண்டுதான் அம்மா குழாயடியில் நின்றாள் என்பது தோராவுக்கு இப்போதுதான் தெரிந்தது, முதுகைத்தான் பார்த்தோம் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள், இல்லை, காதைப் பார்த்திருக்கிறாள், பின்னாலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகத் திருப்பி வைத்த காதை... இவன் ஜூலையில் கேட்டது, அக்டோபரில் கேட்டது, இரண்டுமே கேள்விதானா, அல்லது இந்தக் காதுதானா? வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அவனும் போகவில்லை, அவளும் போகவில்லை. மூன்றாவது அவள் நாக்கின் நுனியில் இருந்தது, அதைச் சொன்னால் அங்கே மூர்ஹெட்டில் அந்தச் சுவர் வெறுமையாகவே நிற்கும், சொல்லாவிட்டால் பூந்தொட்டி, எண்ணுகிறான், அவனும் எண்ணுகிறான், காற்று தீருவதற்குள்... ஈனர், என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று என்னைக் கேட்காதீர்கள் கண்களே, தட்டியது கிர்ஸ்டன், கதவைத் திறந்தது காற்று, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போய் வாருங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கிழங்கும் ரொட்டியும் குறையாமல் இருக்கட்டும், வேண்டாம் என்கிறவரைப் பார்த்து இன்னும் ஒரு தடவை கேட்கிற வாய் ஒன்று எப்போதும் உங்கள் கூரைக்குக் கீழே இருக்கட்டும், ஆமாம் என்று முதல் தடவையிலேயே சொல்கிற குழந்தை ஒன்றும் கூடவே பிறக்கட்டும்.